அக்காவின் வேனை ரத்து செய்தது யார்

திங்கட்கிழமை மதியம் சாப்பிடப் போகலாம் என்று நாற்காலியை விட்டு எழுந்தபோது ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்கி, அவர்களை அழைத்துவர வேன் அனுப்பும் பொறுப்பில் அங்கே ஒரு தமிழ்ப் பெண்மணி இருந்தார். அக்காவுக்கு ஏதாவது அவசரம் என்றால் கூப்பிட வேண்டிய எண்ணாக என் எண்ணைக் கொடுத்திருந்தோம். அதுவரை அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.

"தம்பி, ஒங்க அக்கா இன்னிக்கும் வரல லா. வெள்ளிக்கிழமையும் வரல. வீட்டுக்கு அடிச்சா லைன் கிடைக்க மாட்டேங்குது. எங்கயாச்சும் கல்யாணம் காட்சிக்குப் போயிருக்காங்களா?"

"எங்கயும் போகலையேங்க. வேன் அனுப்பலையா?"

"வேன் வேணாம்னு அவங்களே கேன்சல் பண்ணிட்டாங்களே. ரெண்டு தடவையும் ஒங்க மாமா போன்லேருந்துதான் வந்திருக்கு. இங்க ஸ்க்ரீன்ல தெளிவா இருக்கு."

அக்காவுக்குக் கடைசியாக ரத்தம் சுத்திகரித்தது புதன்கிழமை. இனிப்பு நீர் என்று இங்கே நாங்கள் சொல்லும் சர்க்கரை நோய் முற்றி இரண்டு சிறுநீரகமும் போய்விட்டவளுக்கு ஒருமுறை தவறினாலே உடம்பில் நீர் ஏறும். அடுத்தடுத்து இருமுறை தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

நீரைவிட என்னை அதிகம் பயமுறுத்தியது வேறொன்று. மாமா, அதாவது அக்காவின் கணவர், இந்தச் சிகிச்சையை நிறுத்திப் பார்க்கலாம் என்று சில வாரங்களாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நிலையத்திலிருந்து திரும்பும்போதெல்லாம் அக்கா துவண்டுபோய் வருவாள். வேனிலிருந்து அவர்தான் தாங்கி இறக்குவார். அன்று முழுக்க அவளால் ஒரு வார்த்தை பேச முடியாது. யாரோ சொன்னதைக் கேட்டுப் பாகான் செராய் ஊருக்குப் போய் ஒரு வைத்தியரிடம் ஒரு பாட்டில் வேர்க் கஷாயம் வாங்கி வந்தார். ஈப்போவை ஒட்டிய குனோங் ராபாட்டில் என் வீட்டுக்கு வந்திருந்தபோதும் அதே பேச்சு. "அந்த மெஷின்தான் மச்சான் அவள உறிஞ்சுது. கொஞ்ச நாளைக்கு நிறுத்திட்டு இதக் குடுத்துப் பார்ப்போம்லா." நான் அன்று கத்திவிட்டேன். அக்கா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன். சுங்கை சிப்புட் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அதற்கப்பால், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில்தான் அக்கா இருந்தாள். இப்போது கண்ணுக்கெட்டிய மட்டும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தோட்டம் கைமாறியபோது அதன் ஓரத்தில் கட்டிக்கொடுத்த சின்ன வீடுகளில் சில குடும்பங்கள் தங்கிவிட்டன. அக்கா வீடும் அதில் ஒன்று. வழி நெடுக அக்காவுக்கும் மாமாவுக்கும் மாறி மாறி அடித்தேன். இருவர் போனுக்கும் மணி போகவே இல்லை.

செம்மண் சாலை திரும்பும் முச்சந்தியில் மாமா நனைந்தபடி நின்றிருந்தார். தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்திருந்தார். என் காரைக் கண்டதும் ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினார்.

"வேன் வரல மச்சான்! காலைலேருந்து இங்கயே நிக்கிறேன். அவளுக்கு மூச்சு வாங்குது. மோட்டோல ஒக்கார வைக்க முடியாது. அடுத்த வீட்டுக் காரும் வேலைக்குப் போயிருச்சு. லைனும் சரியா இல்ல, யாருக்கும் அடிக்க முடியல."

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அது ஒரு நடிப்பா என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியவில்லை. "ஏறுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அக்கா கட்டிலில் சாய முடியாமல், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கால்கள் வீங்கிப் பளபளத்தன. முகமும் ஊதியிருந்தது. இருவருமாகத் தூக்கிப் பின்னிருக்கையில் ஏற்றினோம். மாமா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

நிலையத்துக்கு அடித்தேன். அக்காவின் மெஷினில் வேறொருவரை உட்காரவைத்துவிட்டார்களாம். இந்த நிலைமையில் அங்கே வர வேண்டாம், நேராக அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்றார் அந்தப் பெண்மணி. வைப்பதற்குமுன் தயங்கிக் கேட்டார்: "தம்பி, ஏன் கேன்சல் பண்ணுனாங்க?" போன் கார் ஸ்பீக்கரில் இருந்தது. பின்னால் இருந்த இருவர் காதிலும் அது விழுந்தது.

"யாரு கேன்சல் பண்ணுனா?" என்றார் மாமா.

மழையில் எதிரே வரும் லோரிகளின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனபின் அக்காவின் குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏங்க... நீங்கதான் நிறுத்துனீங்களா?"

"நான் ஏன்டி நிறுத்தப் போறேன்? வெள்ளிக்கிழமையும் வேன் வரும்னுதான் ஒன்கூட ஒக்காந்திருந்தேன்."

"அந்த மருந்த... குடிக்க வைக்கவா?"

கண்ணாடியில் பார்த்தேன். அக்கா தன் கையை அவர் கையிலிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஈப்போ வரைக்கும் அதை அங்கேயே வைத்திருந்தாள்.

அவசரப் பிரிவில் அக்காவை உடனே உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். இன்னும் தாமதித்திருந்தால் நெஞ்சு நின்றிருக்கும் என்று இளம் மலாய் டாக்டர் ஒருவர் வெளியே வந்து என்னிடம் சொன்னார். மாமா சற்றுத் தள்ளி, தூணோரம் நின்றிருந்தார். உட்காரச் சொன்னபோது தலையாட்டி மறுத்தார். நான் வாங்கிக் கொடுத்த தேநீர் அவர் கையிலேயே ஆறியது.

வியாழக்கிழமை அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் வெளியே வந்தவள் மாமா இருந்த பக்கம் திரும்பவில்லை. "தம்பி, நான் ஒன் வீட்டுக்கு வாரேன். அங்க போகல" என்றாள். மாமா தான் வந்த மோட்டோ பைக் நின்ற பக்கம் நடந்தார். நானும் அவரைக் கூப்பிடவில்லை.

அன்று பிற்பகலே அக்காவின் துணிமணியையும் மாத்திரைகளையும் எடுத்துவரத் தோட்டத்துக்குப் போனேன். மாமாவிடம் நேருக்கு நேர் கேட்டுவிடுவது என்ற முடிவோடுதான் போனேன். அவர் தொழிற்சாலையில் காவல் வேலை செய்கிறவர். வேலைக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறக்குமுன்பே போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"மச்சான், ஒனக்கு இந்த வேலதான. நீயே பாரு. நான் என்ன செஞ்சேன்னு செஞ்சே காட்டுறேன். நாளைக்கு வேன் கேக்குற மாதிரி அழுத்துறேன்."

அவர் சொன்னது சரி. ஈப்போவில் ஒரு சிறிய கம்பெனியில் கடைகளுக்கு இணையப் பக்கங்கள் செய்வதுதான் என் வேலை. ஆனால் அக்காவுக்கு வேன் கேட்கும் நிலையத்தின் இணையப் பக்கத்தை நான் அதுவரை திறந்துகூடப் பார்த்ததில்லை.

அந்த வீட்டில் சன்னலோரம் நின்றால்தான் கொஞ்சம் லைன் வரும். மாமா அங்கே போய் நின்று பக்கத்தைத் திறந்தார். அக்காவின் பெயர், அதற்குக் கீழே மலாயில் 'வேன் வேண்டும்' என்று ஒரு பெரிய பச்சை பட்டன். அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். அப்புறம் கட்டைவிரலால் அவசர அவசரமாகத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"மாமா, ஏன் இத்தனை தடவை அழுத்துறீங்க?"

"பின்ன? இந்தக் காட்டுல ஒரு தடவ தட்டுனா போகுமா? கதவத் தட்டுற மாதிரிதான்லா. தெறக்குற வரைக்கும் தட்டணும்."

சற்று நேரம் கழித்துத் திரையில் 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று வந்தது. "பார்த்தியா? வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் வந்துச்சு. திங்கக்கிழமையும் இப்படித்தான். அத நம்பித்தான் மழையில போய் நின்னேன்" என்றார்.

அந்த விரல் எனக்குத் தெரிந்த விரல். எங்கள் கம்பெனிக்கு வரும் புகார்களில் பாதி அந்த விரலால் வருவதுதான். பக்கம் உடனே பதில் சொல்லாவிட்டால் மனிதர்கள் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ஒரு சட்டை வாங்க நினைத்தவருக்கு ஒரு மூட்டைச் சட்டை போய்ச் சேரும். அதனால்தான் முதல் அழுத்தலோடு பட்டனைப் பூட்டிவிட வேண்டும் என்பது எங்கள் வேலையில் அரிச்சுவடி.

இந்தப் பட்டனில் அதைவிட மோசமான ஒன்று இருந்ததாக எனக்குச் சந்தேகம் தட்டியது. அந்தப் பெண்மணிக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, இப்ப ஒங்க ஸ்க்ரீன்ல எங்க அக்கா பேருக்கு நேரா என்ன இருக்கு?"

"இருங்க தம்பி... நாளைக்கு வேன்... கேன்சல்னு இருக்கு. இப்பத்தான், ஒரு நிமிஷம்கூட ஆகல. ஏன் மறுபடியும் கேன்சல் பண்ணுறீங்க?"

மாமா தன் கையிலிருந்த போனைப் பார்த்தார். அதில் இன்னமும் 'ஏற்கப்பட்டது' என்றே இருந்தது.

"யாரும் கேன்சல் பண்ணலக்கா. ஒரு தடவ மட்டும் அழுத்தச் சொல்றேன், பார்த்துக்கிட்டே இருங்க. மாமா, ஒரே தடவ. அழுத்திட்டு கைய எடுத்துருங்க."

மாமா அழுத்திவிட்டு, சுட்டதுபோல் விரலை எடுத்தார். "வந்துருச்சு" என்றார் அந்தப் பெண்மணி. "வேன் வேணும்னு வந்துருச்சு."

"இப்ப மறுபடி ஒரு தடவ."

இம்முறை இன்னும் அதிக நேரம் பிடித்தது. பிறகு மறுமுனையிலிருந்து "ஐயோ" என்று மட்டும் கேட்டது.

நடந்தது இதுதான். வேன் கேட்பதற்கும் ரத்து செய்வதற்கும் ஒரே பட்டனை வைத்திருந்தார்கள், வீட்டு விளக்கு சுவிட்சைப் போல. ஒருமுறை அழுத்தினால் வேன் உண்டு, அடுத்த முறை அழுத்தினால் இல்லை. முதல் அழுத்தலுக்குப் பதில் வந்ததும் பட்டன் சிவப்பாகி 'ரத்து' என்று மாற வேண்டும். பட்டணத்தில் லைன் வேகம் என்பதால் அது கண் முன்னாலேயே மாறிவிடும், யாரும் மறுபடி தொட மாட்டார்கள். தோட்டத்தில் பதில் வந்து சேர்வதற்குள் மாமா பலமுறை அழுத்திவிடுவார். அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக நிலையத்துக்குப் போய், உண்டு, இல்லை, உண்டு, இல்லை என்று மாறி, கடைசி அழுத்தல் எதில் நிற்கிறதோ அதுதான் அன்றைய முடிவு. பாதி வழியில் லைன் அறுந்தால் மாமாவின் திரையில் முதல் பதிலே தங்கிவிடும். இத்தனை நாள் வேன் வந்துகொண்டிருந்ததுதான் அதிசயம்.

"தம்பி," என்றார் அந்தப் பெண்மணி. "தோட்டப் பக்கத்து வீடுங்க சிலதுலேருந்து அடிக்கடி கேன்சல் வரும். பொறுப்பில்லாம இருக்காங்கன்னு நான் திட்டிக்கூட இருக்கேன்."

போனை வைத்தபின் நான் மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். அவர் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

"என்கூட வாங்க மாமா. அக்காகிட்ட சொல்வோம்."

"நீ போய்ச் சொல்லு. ஸ்க்ரீன் சொன்னதும் அவ நம்புனா. பக்கத்துல ஒக்காந்து நான் சொன்னத நம்பல."

மாமாவின் விரல் தட்டுவதை என் போனில் வீடியோப் படம் எடுத்துக்கொண்டுதான் கிளம்பினேன். வீட்டுக்கு வந்து அக்காவிடம் நடந்ததை எல்லாம் சொல்லி அதைக் காட்டினேன். திரும்பவும் போடச் சொல்லிப் பார்த்தாள். "எப்படித் தட்டுறாரு, பார்த்தியா" என்றாள். பிறகு மாமாவுக்கு அடித்தாள். அவர் எடுக்கவில்லை.

மறுநாள் காலை பதற்றம் இன்னொரு திசையில் திரும்பியது. அந்தப் பெண்மணி சொன்னதைக் கேட்டு, அந்த இணையப் பக்கத்தைச் செய்தவர் கோலாலம்பூரிலிருந்து என்னிடம் பேசினார். பதிவுகளில் எந்தப் பிழையும் இல்லை, பயனர் அழுத்தியதைத்தான் பக்கம் செய்தது, ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருக்க நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார். நான் படத்தை அனுப்பினேன். அதை அவர் எப்போது பார்த்தாரோ, மத்தியானம் அவரே கூப்பிட்டபோது அந்தப் பேச்சு இல்லை. "உங்கள் அக்கா எப்படி இருக்கிறார்?" என்றுதான் ஆரம்பித்தார்.

சரிசெய்யும்வரை பக்கம் சொல்லும் எந்த ரத்தையும் நம்புவதில்லை என்று அந்தப் பெண்மணி முடிவெடுத்தார். ரத்து வந்தால் வீட்டுக்கு அடிப்பார், லைன் கிடைக்காவிட்டால் வேனை அனுப்பிவிடுவார். சில நாள் வேன் வீணாகப் போய் வந்தது. மேலிடத்தில் கேட்டார்கள் போலிருக்கிறது. "கேக்கட்டும்" என்றார் என்னிடம்.

கோலாலம்பூர்க்காரர் முதலில் அனுப்பிய திருத்தத்தை மாமா வீட்டுச் சன்னலோரம் நின்றே சோதித்தேன். அழுத்தியதும் பட்டன் சாம்பல் நிறமாகப் பூட்டிக்கொண்டது. சரிதான். ஆனால் லைன் அறுந்தது. பதில் வரவில்லை. பட்டன் பூட்டியது பூட்டியபடியே கிடந்தது. வேன் போனதா போகவில்லையா என்று சொல்ல அந்தத் திரையில் ஒரு சொல் இல்லை. எவ்வளவு தட்டினாலும் அசையவில்லை. மாமா என் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பழசே தேவலாம் மச்சான். அதாச்சும் பொய்யாவது சொல்லும்" என்றார். பல நாளுக்குப் பின் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது.

அங்கிருந்தே அடித்துச் சண்டை போட்டேன். பூட்டினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வேன் கோரிக்கைக்கும் தனி அடையாள எண் வேண்டும். எத்தனை முறை வந்து சேர்ந்தாலும் நிலையம் அதை ஒரே கோரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். பதில் வராவிட்டால் 'இன்னும் தெரியவில்லை, திரும்ப முயல்கிறோம்' என்று பக்கம் உண்மையைச் சொல்ல வேண்டும். ரத்து என்பது வேறு பக்கத்தில், 'நிச்சயமாகவா?' என்று கேட்டபின்தான் நடக்க வேண்டும். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் வந்த திருத்தம் அந்தச் சன்னலோரத்தில் தாக்குப்பிடித்தது. மாமாவிடம் போனைக் கொடுத்து, இஷ்டத்துக்குத் தட்டச் சொன்னேன். அவர் வஞ்சம் தீர்ப்பதுபோல் தட்டினார். நிலையத்தில் ஒரே ஒரு கோரிக்கைதான் போய் நின்றது.

பட்டன் சரியாகிவிட்டது. அக்கா என் வீட்டிலேயேதான் இருந்தாள். சிகிச்சை நாட்களில் நான் அவளை நிலையத்தில் இறக்கிவிடும்போது, காவலாளிச் சீருடையோடு மாமா வாசலுக்கு எதிரே மோட்டோவில் உட்கார்ந்திருப்பார். உள்ளே வரமாட்டார். அவள் முடித்து வெளியே வரும்வரை இருந்துவிட்டுப் போய்விடுவார். ஒருநாள் அக்கா என்னைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து அவரிடம் நடந்தாள். கண்ணாடி இறக்கியிருந்ததால் எனக்குக் கேட்டது.

"நான் அப்படிக் கேட்டது தப்புதாங்க. ஆனா அந்தப் பாட்டிலக் கொண்டாந்து வச்சப்ப, நான் போனாலும் பரவால்லன்னு நெனக்கிறீங்கன்னுதான் எனக்குத் தோணுச்சு. அந்தப் பயம் உள்ள இருந்துச்சு. அதான் வாயில வந்துருச்சு."

மாமா ஹெல்மெட்டைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒவ்வொரு தடவையும் ஒன்ன வேன்லேருந்து பொணம் மாதிரி எறக்குறேன்டி. என்னால பார்க்க முடியல. வேற வழி இருக்காதான்னு அலஞ்சேன். அவ்ளோதான்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது?"

பிறகு அக்கா மெதுவாகத் திரும்பிவந்து காரில் ஏறினாள். அடுத்த சனிக்கிழமை அவள் தன் பைகளைக் கட்டினாள். நான்தான் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டேன்.

திங்கட்கிழமை விடிகாலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலைக்குப் போவதற்குமுன் தோட்டத்துக்கே காரை விட்டேன். அக்கா சன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். மாமா போனை அவள் பக்கம் நீட்டினார். "நீயே அழுத்து. நான் தொட மாட்டேன்."

அக்கா ஒருமுறை அழுத்தினாள். பட்டன் சாம்பலாகியது. 'அனுப்புகிறோம்' என்றது. கொஞ்ச நேரம் கழித்து, 'இன்னும் தெரியவில்லை, திரும்ப முயல்கிறோம்.' மாமாவின் கட்டைவிரல் தானாக எழுந்ததைப் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள். நாங்கள் மூவரும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். 'உங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது' என்று செய்தி வந்தது. வேன் கிளம்பிவிட்டதாக அதன் ஓட்டுநரும் சற்று நேரத்தில் போனில் கூப்பிட்டுச் சொன்னார்.

மாமா எழுந்து சட்டையை மாட்டினார். "எங்க கெளம்புறீங்க?" என்றாள் அக்கா.

"இன்னிக்கு லீவு சொல்லிட்டேன். நானும் வேன்ல ஏறி வாரேன்" என்று சொல்லிவிட்டு, அவள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.